18 நாள் போர்... 9 அடி ஓவியம்: ஸ்பெயின் 'ஆல் இன் ஆல்' அமைச்சரை கோயா எப்படி வரைந்தார்? முழு விவரம்!

போரில் ஜெயித்த தளபதியை ஓவியத்தில் எப்படிக் காட்டுவார்கள்? குதிரை மேல், கையில் வாளோடு. இல்லையென்றால் நெஞ்சை நிமிர்த்தி நின்றபடி. ஆனால் ஸ்பெயினின் சக்தி வாய்ந்த அமைச்சர் ஒருவர், வெற்றி ஓவியத்தில் ஏதோ வீட்டு சோபாவில் சாய்ந்த மாதிரி பாறை மேல் ஹாயாக சாய்ந்து கிடக்கிறார். வரைந்தவர் சாதாரண ஆள் இல்லை, பிரான்சிஸ்கோ கோயா. இது பாராட்டா, கிண்டலா? 200 வருஷம் தாண்டியும் விவாதம் ஓயவில்லை.

யார் இந்த மனுவேல் கோதோய்?

1767-ல் பதாஹோஸ் நகரில் பிறந்தவர். 17 வயதில் அரச மெய்க்காப்பாளர் படையில் சேர்ந்தார். மன்னர் நான்காம் கார்லோஸுக்கும் ராணி மரியா லூயிசாவுக்கும் நெருக்கமானார். அப்புறம் எல்லாமே ராக்கெட் வேகம்தான். 1792-ல், வெறும் 25 வயதில், பிரதமருக்கு இணையான முதல் அமைச்சர் பதவி! 1795-ல் பிரான்ஸுடன் சமாதானம் செய்ததற்காக 'அமைதியின் இளவரசர்' என்ற பட்டமும் கிடைத்தது. 1797-ல் அரச குடும்பத்துப் பெண்ணையே திருமணம் செய்தார்.

இவ்வளவு வேகமாக மேலே போனால் சும்மா விடுவார்களா? பிரபுக்களுக்குப் பொறாமை, மக்களுக்குக் கோபம். ராணியோடு தொடர்புபடுத்தி ஊரெல்லாம் கிசுகிசு.

அது என்ன 'ஆரஞ்சு போர்'?

1801-ல் பிரிட்டனின் கூட்டாளியாக இருந்தது போர்ச்சுகல். பிரிட்டிஷ் கப்பல்களுக்குத் துறைமுகங்களை மூட வைக்க வேண்டும் என்று ஸ்பெயினுக்கு நெப்போலியன் அழுத்தம் கொடுத்தார். படைக்குத் தலைமை தாங்கிப் போனவர் கோதோய்.

மே 20-ல் தொடங்கிய போர், ஜூன் 6-ல் பதாஹோஸ் உடன்படிக்கையோடு முடிந்தது. மொத்தமே 18 நாட்கள். எல்வாஸ் கோட்டையைப் பிடிக்கவே இல்லை. ஆனால் கோட்டைக்குப் பக்கத்தில் பறித்த ஆரஞ்சுக் கிளைகளை ராணிக்குப் பரிசாக அனுப்பி வைத்தார் கோதோய். அதனால்தான் அந்தப் பெயர்! துறைமுகங்களை மூட போர்ச்சுகல் சம்மதித்தது. ஒலிவென்சா என்ற எல்லை நகரமும் ஸ்பெயின் கைக்கு வந்தது.

ஓவியத்தில் என்ன இருக்கிறது?

இந்த 'மாபெரும்' வெற்றியைக் கொண்டாடத்தான் 1801-ல் ஓவியம் தயாரானது. சுமார் 6 அடி உயரம், 9 அடி அகலம்.

* ராணுவச் சீருடையில் பாறை மேல் சாய்ந்த கோதோய், கையில் ஒரு கடிதம்
* பக்கத்திலேயே கைப்பற்றிய போர்ச்சுகல் கொடிகள்
* பின்னால் உதவி அதிகாரி, குதிரைகள்
* தலைக்கு மேல் இருண்ட வானம்

பாராட்டா? கிண்டலா?

கிண்டல் என்பவர்கள் சொல்லும் காரணம்: களைத்துப்போன வீரனாக அவர் தெரியவில்லை, சாப்பிட்டு ஓய்வெடுக்கும் பணக்காரராகத் தெரிகிறார். சிவந்த கன்னம், பருத்த உடம்பு, கெத்தான பார்வை என எதையும் கோயா மறைக்கவில்லை.

இன்னொரு தரப்பு இதை ஏற்கவில்லை. 1799-ல் இருந்து கோயா அரசவையின் முதன்மை ஓவியர். கோதோயின் மாளிகைக்கும் ஓவியங்கள் வரைந்து கொடுத்தவர். நாட்டையே ஆட்டி வைக்கும் ஆளை நேருக்கு நேர் கேலி செய்ய அவர் துணிவாரா? போரே முடிந்துவிட்டது, இனி பதற்றம் இல்லை என்று காட்டவே இந்தச் சாய்ந்த கோலம் என்கிறார்கள் இவர்கள்.

இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கோயா கண்ணில் பட்டதை அப்படியே வரையும் பழக்கம் உள்ளவர். பார்ப்பவர் மனசில் என்ன இருக்கிறதோ, அதுதான் ஓவியத்திலும் தெரிகிறது.

அப்புறம் கோதோய்க்கு என்ன ஆச்சு?

1807-ல் நெப்போலியனோடு இன்னொரு ஒப்பந்தம் போட்டார். போர்ச்சுகலுக்குப் போகிறோம் என்று சொல்லி பிரெஞ்சுப் படை ஸ்பெயினுக்குள் வந்தது, ஆனால் ஸ்பெயினை விட்டுப் போகவில்லை. மக்கள் கோபம் வெடித்தது. 1808 மார்ச் 17 இரவு, அரன்ஹுவேஸில் இருந்த அவர் மாளிகைக்குள் கும்பல் புகுந்தது. பாறை மேல் கெத்தாகச் சாய்ந்திருந்த அதே மனிதர், பாய்ச் சுருள்களுக்கு நடுவே ஒளிந்தார். கடைசியில் தாகம் தாங்காமல் 19-ம் தேதி வெளியே வந்து மாட்டிக்கொண்டார். அன்றே மன்னரும் முடி துறந்தார்.

சொத்துகள் பறிமுதல் ஆயின. கோயாவின் புகழ்பெற்ற 'ஆடையற்ற மாஹா' ஓவியமும் அவர் சேகரிப்பில் இருந்ததுதான். நாடு கடந்து வாழ்ந்த கோதோய், 1851-ல் பாரிஸில் காலமானார்.

இப்போது ஓவியம் எங்கே?

மாட்ரிட்டின் அல்காலா தெருவில் உள்ள சான் பெர்னாண்டோ அரச நுண்கலை அகாடமியில் இருக்கிறது. போர் கிளப்பிய பிரச்சனை மட்டும் இன்னும் முடியவில்லை. ஒலிவென்சா இன்றும் ஸ்பெயின் வசம்தான். ஆனால் அது ஸ்பெயினுக்குச் சொந்தம் என்பதை போர்ச்சுகல் இன்று வரை முறைப்படி ஏற்றுக்கொள்ளவில்லை!