ஒண்டுக்குடித்தனம் வந்த பெங்குவின்

விண்டோஸ் 11 ஓடும் கணினியில் கருப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு கட்டளையைத் தட்டினால் போதும், உபுண்டு லினக்ஸ் வந்து உட்கார்ந்துவிடும். அதில் ஜிம்ப் மாதிரி ஏதாவதொரு மென்பொருளை நிறுவி இயக்கிப் பாருங்கள். அதன் சாளரம் எக்ஸெலுக்கும் வேர்டுக்கும் நடுவே தானும் ஒன்றாக வந்து நிற்கும். கீழே பணிப்பட்டையில் அதற்கும் ஒரு சின்னம் இருக்கும், சின்னத்தின் ஓரத்தில் லினக்ஸின் அடையாளமான ஒரு குட்டிப் பெங்குவின்.

பார்த்தால் வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் உட்கார்ந்து பேசி, அளவெடுத்துக் கட்டிய போர்ஷன் போலத் தோன்றும். ஆனால் இதில் ஒரு செங்கல்கூட இதற்காகச் சுட்டதில்லை. சுவர் 1960களின் பெருங்கணினியிலிருந்து வந்தது. ஜன்னல் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்காகச் செய்தது. முதலில் போட்ட தரையோ, தோற்றுப்போன ஒரு கைப்பேசித் திட்டத்தில் மிஞ்சியது.

சுவரிலிருந்து தொடங்கலாம். 1964இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் நிறுவனத்துக்கு ஒரு தலைக்குனிவு. ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ள வழி தேடிய எம்ஐடி, தன் ‘பிராஜெக்ட் மேக்’ திட்டத்துக்கு ஐபிஎம்மை விட்டுவிட்டு ஜெனரல் எலெக்ட்ரிக்கின் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே ஊரில் ஐபிஎம்முக்கு ஒரு சிறிய ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே ராபர்ட் க்ரீஸியும் கூட்டாளிகளும் பிரச்சினையைத் தலைகீழாகப் பார்த்தார்கள். ஒரு கணினியைப் பத்துப் பேருக்குப் பங்கு போடுவானேன்? ஒவ்வொருவரிடமும் ‘இந்த முழுக் கணினியும் உனக்குத்தான்’ என்று பொய் சொல்லிவிட்டால் என்ன? அந்தப் பொய்யைக் கட்டிக்காக்கும் மென்பொருளுக்கு சிபி-40 என்று பெயர். 1967இல் அது வேலை செய்யத் தொடங்கியது.

ஐபிஎம் தலைமையகம் நம்பியிருந்தது டிஎஸ்எஸ்/360 என்ற வேறொரு திட்டத்தை. பெரும் ஆள்பலத்தோடு கிளம்பிய அது திக்கித் திணறியது. சின்னக் குழுவின் பொய்க் கணினியோ பிழைத்துக்கொண்டு 1972இல் விஎம்/370 என்ற பெயரில் சந்தைக்கே வந்தது. கணினிக்குள் கணினி என்ற யோசனைக்கு அதுதான் பிறந்த வீடு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வேறொரு நிறுவனத்தின் இயங்குதளத்தை உள்ளே குடிவைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை. தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இருபது ஆண்டு தள்ளி, அதே எம்ஐடி. 1984இல் பாப் ஷைஃப்ளர் என்ற ஆய்வாளருக்குத் தன் ஆராய்ச்சியில் பிழை திருத்த ஒரு சாளர அமைப்பு தேவைப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் பால் அசென்டேவும் பிரையன் ரீடும் ‘வி’ என்ற இயங்குதளத்துக்காக ‘டபிள்யூ’ என்ற ஒன்றைச் செய்திருந்தார்கள். அதை வாங்கிப் பிரித்துப் போட்டு வேகமாக்கினார் ஷைஃப்ளர். ஆங்கில எழுத்து வரிசையில் டபிள்யூவுக்கு அடுத்தது எக்ஸ், எனவே இது எக்ஸ். பெயர் சூட்ட அதற்கு மேல் மெனக்கெடவில்லை. வளாகமெங்கும் கணினிகளைப் பரப்பும் ‘பிராஜெக்ட் அதீனா’ அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. அதிலிருந்த ஜிம் கெட்டிஸும் இதில் கைகோத்தார்.

அதீனாவின் தலைவலி, வளாகத்தில் டிஇசி, ஐபிஎம் என்று கலந்துகட்டி இயந்திரங்கள் இருந்ததுதான். ஒரு கட்டடத்துக் கணினியில் ஓடும் நிரலை வேறொரு கட்டடத்துத் திரையில் பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருக்காது. அதனால் எக்ஸில் ஒரு விசித்திர ஏற்பாடு செய்தார்கள். உங்கள் மேசையில் இருக்கும் திரைதான் சர்வர். எங்கோ ஓடும் நிரல் அதன் வாடிக்கையாளர். ‘இங்கே ஒரு கோடு போடு, அங்கே ஒரு எழுத்து எழுது’ என்று வலையமைப்பு வழியே கேட்டுக்கொள்ளும். அந்த நிரல் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது என்று திரை விசாரிப்பதில்லை. வளாகத்து அவசரத்துக்குச் செய்த இந்த ஏற்பாட்டைத்தான் பின்னால் வந்த எல்லாரும் சுரண்டினார்கள்.

முதலில் சுரண்டியவர்கள் வியாபாரிகள். எண்ணெய் நிறுவனத்திலும் சிப் வடிவமைப்புக்கூடத்திலும் விலையுயர்ந்த யூனிக்ஸ் கணினி உள்ளறையில் இருக்கும், ஊழியர் மேசையிலோ சாதாரண பிசி. அந்த பிசியை எக்ஸ் திரையாக மாற்றும் மென்பொருளை விற்கக் கடைகள் முளைத்தன. டொரன்டோவின் ஹம்மிங்பேர்ட் நிறுவனம் ‘எக்ஸீட்’ விற்றது. குவார்ட்டர்டெக் 1992இல் டாஸிலேயே எக்ஸைக் காட்டும் ‘டெஸ்க்வியூ/எக்ஸ்’ கொண்டுவந்தது. அயலார் சாளரம் மைக்ரோசாஃப்ட் திரையில் எட்டிப்பார்த்தாகிவிட்டது. லினக்ஸ் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது.

ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் கருவுக்கு, முகமே கிடையாது, வெறும் எழுத்துத் திரை. ஓரெஸ்ட் ஸ்போரோவ்ஸ்கி என்ற ஆர்வலர்தான் எக்ஸை அதன்மேல் ஓடவைத்தார். லினஸுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி போலும்! 0.12 என்றிருந்த பதிப்பு எண், 1992 மார்ச்சில் ஒரே தாவாக 0.95 ஆனது. இன்னும் கொஞ்சம்தான், 1.0 வந்துவிடும் என்ற நம்பிக்கை. அந்தக் ‘கொஞ்சம்’ கடக்க இரண்டு ஆண்டு பிடித்தது.

ஆக சுவரும் ஜன்னலும் தனித்தனியே தயார். ஆனால் சுவரைப் பிசிக்குக் கொண்டுவர முடியவில்லை. ஒரு சில்லு எப்போது இந்தப் பொய்க்கு ஒத்துழைக்கும் என்று ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் 1974இலேயே கணக்காக எழுதிவைத்திருந்தார்கள். இன்டெலின் எக்ஸ்86 சில்லு அந்தத் தேர்வில் தேறவில்லை. அதன் கட்டளைகளில் 17 மட்டும் முரண்டு பிடித்தன. அதிகாரமில்லாத நிரல் அவற்றைச் சொன்னால், மறுத்துக் கூச்சலிடாமல், சத்தமில்லாமல் தப்பான விடையைத் தந்துவிட்டுப் போய்விடும். காவலாளிக்கே தெரியாது. அப்புறம் எங்கே பொய்யைக் காப்பாற்றுவது?

இதை உடைத்தவர்களுக்கும் முதல் நோக்கம் வேறு. ஸ்டான்ஃபோர்டில் மெண்டல் ரோசன்பிளமும் அவருடைய மாணவர்களும் பல சில்லுகள் கொண்ட ஒரு பெரிய இயந்திரத்துக்கு இயங்குதளம் தேடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒன்றை எழுதுவது பெரும்பாடு. பழைய ஐபிஎம் யோசனையைத் தூசி தட்டி, ஓர் இயந்திரத்தைப் பல சின்ன இயந்திரங்களாக நடிக்கவைத்தால் போதுமே என்று 1997இல் ‘டிஸ்கோ’வைச் செய்தார்கள். அடுத்த ஆண்டு ரோசன்பிளம், அவர் மனைவி டயான் கிரீன், எட்வார்ட் பூன்யோன், ஸ்காட் டெவின், எட்வர்ட் வாங் ஆகிய ஐவர் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த முரட்டுக் கட்டளைகளுக்கு அவர்கள் கண்ட வழி: உள்ளே ஓடும் இயங்குதளத்தின் நிரலை ஓடும்போதே வாசித்து, ஆபத்தான வரியை மட்டும் அடித்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை எழுதிவிடுவது. 1999 மே மாதம் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் வெளியானது. விண்டோஸுக்குள் லினக்ஸ் டெஸ்க்டாப், முழுதாக, ஒரு சாளரத்தில். லினக்ஸுக்குள் விண்டோஸும் ஓடியது. லினக்ஸ் பிரியர்கள் பலர் வாங்கியது அதற்காகத்தான், அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு கோப்பைத் திறந்தாக வேண்டுமே!

தாய்வீட்டையும் லினக்ஸ் விட்டுவைக்கவில்லை. ஐபிஎம்மின் பெருங்கணினிக்கு அது வந்த கையோடு, 2000இல் டேவிட் பாய்ஸ் என்பவர் ஒரே இயந்திரத்தில் விஎம்மின்மேல் 40,000க்கும் அதிகமான லினக்ஸ்களை ஒன்றாக ஓட்டிக்காட்டினார்.

பிறகு நகல்களின் காலம். நகல் என்று குறைவாகச் சொல்லவில்லை, இந்தக் கதையில் நல்லதெல்லாம் நகலெடுத்தே பரவியது. மேக் கணினியில் விண்டோஸை ஓட்ட கனெக்டிக்ஸ் நிறுவனம் ‘வர்ச்சுவல் பிசி’ விற்றுவந்தது. அதற்குத் துணைநிரல் எழுதிக்கொடுத்தது ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கத்திலிருந்த இன்னோடெக் என்ற சிறு நிறுவனம். 2003இல் அந்தச் சரக்கை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. கற்றுக்கொண்ட கை சும்மா இருக்குமா? 2007 ஜனவரியில் இன்னோடெக் தன் சொந்த ‘வர்ச்சுவல்பாக்ஸை’ மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டது. அதில் பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரீஸ் பெல்லாரின் க்யூஎமு என்ற கணினிப் போலி மென்பொருளிலிருந்து எடுத்த பகுதியும் இருந்தது. மறு ஆண்டே சன் நிறுவனம் இன்னோடெக்கை வாங்கியது, 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. விஎம்வேருக்குக் காசு கொடுக்க முடியாத மாணவர்கள் லினக்ஸ் டெஸ்க்டாப்பை முதலில் கண்டது பெரும்பாலும் இந்தப் பெட்டிக்குள்தான். இதற்குள் இன்டெலும் வழிக்கு வந்து, 2005இல் பொய்யைக் காக்கும் வசதியைச் சில்லிலேயே பொருத்திவிட்டது.

சுவரே வேண்டாம் என்றவர்களும் உண்டு. 2004இல் டான் அலோனி வெளியிட்ட கோலினக்ஸ், விண்டோஸ் கெர்னலும் லினக்ஸ் கெர்னலும் ஒரே சில்லைச் சரிசமமாக மாறிமாறிப் பிடித்துக்கொள்ளும் துணிச்சல். வேகம் அருமை. ஒருவர் விழுந்தால் மற்றவரும் விழுவார் என்பதுதான் சிக்கல். கோலினக்ஸுக்குச் சொந்தமாகத் திரை கிடையாது. விண்டோஸில் ‘எக்ஸ்மிங்’ என்ற இலவச எக்ஸ் சர்வரை ஓட்டி, அதில் அதன் சாளரங்களைக் காட்டினார்கள். இல்லாவிட்டால், வேறொரு கணினியின் திரையை அப்படியே காட்டும் விஎன்சி. அதன் பூர்வீகம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்த ஒலிவெட்டி ஆய்வகம். விஎன்சியைச் செய்தவர்களில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர்தான் 1991இல் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில், காபி பானையில் காபி இருக்கிறதா என்று இடத்தைவிட்டு எழாமல் பார்க்க அதன் எதிரே வைத்த புகழ்பெற்ற கேமராவுக்குத் திரைநிரல் எழுதியவர். அந்தக் காபிப் படம் தெரிந்ததும் ஓர் எக்ஸ் சாளரத்தில்!

இத்தனை காலமும் வீட்டுக்காரர் முகம் கொடுக்கவில்லை. 2001இல் மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டார். மனம் மாறியதற்கு ஒரு தோல்வியும் காரணம். விண்டோஸ் கைப்பேசிக்குச் செயலிகள் போதவில்லை. ஆண்ட்ராய்டு செயலிகளை அப்படியே ஓட்டிவிடலாம் என்று 2015இல் ‘பிராஜெக்ட் அஸ்டோரியா’வை அறிவித்தார்கள். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல், ஆகவே லினக்ஸ் கேட்பதை விண்டோஸ் கெர்னலுக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் ஒரு அடுக்கை எழுதினார்கள். 2016 பிப்ரவரியில் அஸ்டோரியாவைக் கைவிட்டார்கள், மார்ச்சிலேயே மொழிபெயர்க்கும் அடுக்கு வேறு வேடத்தில் மேடையேறியது. உபுண்டுவின் கேனானிக்கலோடு சேர்ந்து அறிவித்த அதுதான் டபிள்யூஎஸ்எல், விண்டோஸுக்குள் லினக்ஸ்.

மைக்ரோசாஃப்ட் கொடுத்தது கட்டளைத் திரை மட்டும். சாளரங்களுக்கு ஆதரவில்லை என்று சொல்லியும்விட்டார்கள். யார் கேட்டார்கள்? சில மாதங்களுக்குள் ஆர்வலர்கள் பழைய எக்ஸ்மிங்கையும் அதன் உறவினர்களையும் எடுத்துவந்து, உபுண்டுவின் முழு டெஸ்க்டாப்பையே விண்டோஸ் நடுவில் நிறுத்திவிட்டார்கள். அவ்வப்போது அது நொறுங்கி விழுந்தது. ஆனாலும் நின்றது. என் கணக்கில் இந்த வரலாற்றின் மிக அழகான கட்டம் இதுதான்: 1984இன் ஏற்பாடு, 2016இல், யார் அனுமதியும் இல்லாமல்.

மொழிபெயர்ப்பு எங்கெல்லாமோ இடறியது. கடைசியில் 2019இல் மைக்ரோசாஃப்ட் அதை ஒதுக்கிவைத்து, உண்மையான லினக்ஸ் கெர்னலையே ஒரு மெல்லிய மெய்நிகர் கணினியில் வைத்துக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. அரை நூற்றாண்டுச் சுற்றுக்குப் பிறகு மறுபடி க்ரீஸியின் பொய். 2021இல் சாளரங்களும் வந்தன. அதற்கு அவர்கள் பிடித்த வழி இன்னும் வேடிக்கை. லினக்ஸ் நிரல் வரைவதை வெஸ்டன் என்ற லினக்ஸ் மென்பொருள் வாங்கிக்கொள்ளும். அது எக்ஸுக்கு மாற்றாக கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலண்ட் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து படம் விண்டோஸுக்கு வருவது ஆர்டிபி வழியாக. ஆம், அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து திறக்கப் பயன்படுத்துகிறோமே, அதே ஆர்டிபி. ஐபிஎம்மிலிருந்து விலகி வந்த எட் யாகோபுச்சி தொடங்கிய சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் நுட்பத்தை உரிமம் வாங்கி 1998இல் வெளிவந்த டெர்மினல் சர்வரில் பிறந்தது அது. தொலைதூரத்துக் கணினியை எட்டிப்பார்க்கச் செய்ததை, ஒரே பெட்டிக்குள் அடுத்த அறையை எட்டிப்பார்க்கப் பயன்படுத்துகிறார்கள்.

கைப்பேசியில்தான் குழப்பம் உச்சம், அங்கே வீட்டுக்காரரே லினக்ஸ். ஆண்ட்ராய்டின் கெர்னல் லினக்ஸ் என்றாலும் லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு அங்கே இடம் இருக்கவில்லை. கேனானிக்கல் 2012இல் ‘உபுண்டு ஃபார் ஆண்ட்ராய்டு’ என்று முயன்று விட்டுவிட்டது. சாம்சங் 2018இல் ‘லினக்ஸ் ஆன் டெக்ஸ்’ சோதனையைத் தொடங்கி மறு ஆண்டே மூடியது. இடையில் பொழுதுபோக்காளர்கள் டெர்மக்ஸ் செயலிக்குள் டெபியன் லினக்ஸை நிறுவி, கேம்பிரிட்ஜ் விஎன்சி வழியாக அந்த டெஸ்க்டாப்பைக் கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2025 மார்ச்சில் கூகுள் தன் பிக்ஸல் கைப்பேசிகளுக்கு டெபியனை மெய்நிகர் கணினியாகவே கொடுத்தது, முதலில் வெறும் எழுத்துத் திரையாக. லினக்ஸுக்குள் லினக்ஸ், நடுவில் சுவர்.

இரண்டு மாதம் கழித்து மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் டபிள்யூஎஸ்எல்லின் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2016இல் அந்தத் திட்டத்தின் குறைப் பதிவேட்டில் முதல் எண்ணில் பதிவான கேள்வியே ‘இதைத் திறமூலமாக்குவீர்களா?’ என்பதுதான். ஒன்பது ஆண்டு திறந்தே கிடந்த அந்தக் கேள்வியை ‘தீர்ந்தது’ என்று குறித்து மூடினார்கள். எல்லாவற்றையும் திறந்துவிடவில்லை. மூடியே வைத்திருக்கும் சில துண்டுகளில் ஒன்று, அஸ்டோரியா வழியில் வந்த அந்தப் பழைய மொழிபெயர்ப்பு அடுக்கின் கெர்னல் டிரைவர்.