சிட்டியும் இல்ல, சிவப்பு சிப்பும் இல்ல

'எந்திரன்' (2010) பார்த்தவங்களுக்கு ஃபார்முலா தெரியும். ரோபோ கெட்டுப்போச்சுன்னா ராணுவம் வரும், மூச்சுவிடாம சுடும், ஒண்ணும் நடக்காது. கடைசில விஞ்ஞானி அந்தச் சிவப்பு சிப்பைப் பிடுங்கினதும் சிட்டி சாது ஆயிடும். வாத்தியார் சுஜாதா கைவெச்ச படம், அதனால லாஜிக் பத்தி ரொம்பப் பேச மாட்டேன் :-)

நிஜத்துல இப்படி ஒரு கதை இருக்கான்னா, இருக்கு மக்களே. சிப்பாய்கள், விஞ்ஞானி, ஆளைக் கொன்ன மெஷின், மூணும் உண்டு. கதையில பாதி நம்ம டெக்சாஸ்லதான் நடக்குது. ஒரே வித்தியாசம், இந்த மெஷினுக்குள்ள பிடுங்கிப் போட சிவப்பு சிப் எதுவும் இல்ல. அது எந்தக் கட்டளையையும் மீறவும் இல்ல.

மெஷின் பேரு பேட்ரியாட். கை கால் இல்லாத ரோபோன்னு வெச்சுக்குங்க. ராடார் வானத்தைப் பார்க்கும். கம்ப்யூட்டர், வர்றது விமானமா, ஏவுகணையா, ராடாரையே தேடி வந்து அடிக்கிற ஏவுகணையான்னு வகை பிரிக்கும். லாஞ்சர் சுடும். ஒரு மோடில் மனுஷன் பட்டனை அழுத்தினாத்தான் சுடும். இன்னொரு மோடில் மனுஷன் தடுக்கலைன்னா அதுவே சுட்டுடும். தயாரிப்பு ரேதியான் கம்பெனி. ரிச்சர்ட்சன்ல சிட்டிலைன் ரயில் நிலையம் பக்கம் 2010களின் நடுவில் அவங்க ஒரு பெரிய வளாகம் திறந்தாங்க. பல்கலைக்கழகத்துல படிக்கிற நம்ம பசங்க பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்த்தான் ரயில் ஏறியிருப்போம்.

பேட்ரியாட் முதல்ல பேர் கெட்டது சுட்டதால இல்ல, சுடாததால. 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவில் தஹ்ரான். ஈராக்கோட ஸ்கட் ஏவுகணை அமெரிக்க ராணுவக் குடியிருப்பு மேல விழுந்து 28 பேர் செத்தாங்க. பக்கத்துலயே இருந்த பேட்ரியாட் அசையவே இல்லை. காரணம் ஒரு பின்னம். சிஸ்டத்தோட கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு செகண்டாக எண்ணும். செகண்டா மாத்த 0.1 ஆல் பெருக்கணும். நம்ம தசம முறையில 0.1 சமத்தான எண். பைனரியில அது முடியவே முடியாது, நமக்கு மூணுல ஒரு பங்கு 0.3333ன்னு போய்க்கிட்டே இருக்கிற மாதிரி. பேட்ரியாட்ல இருந்தது 24 பிட் இடம். மிச்சத்தை வெட்டிட்டாங்க. அந்த வெட்டுத்துண்டு கண்ணுக்கே தெரியாது. ஆனா அன்னிக்கு அந்த பேட்டரி நிறுத்தாம 100 மணி நேரத்துக்கு மேல ஓடிக்கிட்டிருந்தது. கடிகாரம் 0.34 செகண்ட் பிசகிடுச்சு. அந்த நேரத்துல ஒரு ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல பறந்துடும். ராடார் கிட்டத்தட்ட 687 மீட்டர் தள்ளி வேற இடத்தைப் பார்த்துட்டு, அங்க ஒண்ணுமில்லைன்னு விட்டுடுச்சு.

வயித்தெரிச்சல் என்னன்னா, இந்தக் கோளாறு முன்னாடியே தெரியும். ரெண்டு வாரம் முன்னாடி இஸ்ரேல்காரங்க கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாங்க. பிப்ரவரி 16ல் திருத்தின சாஃப்ட்வேர் தயார். 21ம் தேதி எல்லாருக்கும் ஒரு செய்தி போச்சு: 'ரொம்ப நேரம்' ஓட்டினா குறி விலகலாம். ரொம்ப நேரம்னா எவ்வளவு நேரம்னு யாரும் எழுதலை! அணைச்சுப் போட்டாக் கடிகாரம் சரியாயிடும், ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷ வேலை. புது சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26. விழுந்த மறுநாள்.

அடுத்தது 2003, மறுபடி ஈராக். இந்தத் தடவை நேர் எதிர்.

மார்ச் 23 அதிகாலை, குவைத்தில் தளத்துக்குத் திரும்பிக்கிட்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தை பேட்ரியாட் கம்ப்யூட்டர் 'ராடாரை அடிக்க வர்ற ஏவுகணை'ன்னு வகை பிரிச்சது. 'நான் உங்க ஆள்'னு பதில் சொல்லவேண்டிய கருவி அந்த விமானத்துல வேலை செய்யலை. தரையில இருந்த பேட்டரிக்கோ மேலிடத்தோடு பேசுற தகவல் தொடர்பு சாதனங்கள் இன்னும் வந்தே சேரலை. முடிவெடுக்க ஒரு நிமிஷம் போல இருந்தது. கம்ப்யூட்டர் ஏவுகணைங்குது, தன் மேலயே வருதுங்குது. பட்டனை அழுத்திட்டாங்க. கெவின் மெயின், டேவிட் வில்லியம்ஸ், ரெண்டு பேரும் போயிட்டாங்க.

மறுநாள் நஜஃப் பக்கத்துல ஒரு அமெரிக்க எஃப்-16 விமானி, எதிரி ராடார் தன்னைக் குறி வெச்சுட்டதா நினைச்சு ஹார்ம் ஏவுகணையை விட்டார். அது நேராப் போய் அடிச்சது பேட்ரியாட்டோட ராடாரை. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. இந்த ஹார்ம் இருக்கே, அது நம்ம டல்லாஸ் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் உருவாக்கினது. 1997ல அந்த ராணுவப் பிரிவை வாங்கினது யாருன்னு நினைக்கிறீங்க? ரேதியான். ஒரு கை செஞ்சது இன்னொரு கை செஞ்சதை அடிச்சிருக்கு.

ஏப்ரல் 2ல நடந்தது இதையெல்லாம்விட மோசம். டொர்னாடோவுக்கு அப்புறம் எல்லாரும் உஷாரா லாஞ்சர்களைக் காத்திருப்பு நிலையில வெச்சிருந்தாங்க. அன்னிக்குத் திரையில ஒரு ஏவுகணை தெரிஞ்சது. நிஜத்துல அப்படி ஒண்ணு இல்லை, ராடார் குழப்பத்துல பிறந்த பேய். எதுக்கும் தயாரா இருப்போம்னு லாஞ்சரை 'ரெடி'க்குக் கொண்டுவரச் சொன்னாங்க. சுடச் சொல்லவே இல்லை. ஆனா சிஸ்டம் ஆட்டோ மோடில் இருந்தது. ரெடின்னதும் அதுவே சுட்டுடுச்சு. கிட்டி ஹாக் கப்பலிலிருந்து கிளம்பின ஹார்னெட் விமானம், லெப்டினென்ட் நேதன் வைட். அவரும் இல்லை.

இப்ப விஞ்ஞானி என்ட்ரி. பேரு ஜான் ஹாலி. நீங்க நினைக்கிற மாதிரி ரோபோ செஞ்சவர் இல்ல, மனோதத்துவக்காரர். மனுஷனும் மெஷினும் சேர்ந்து வேலை செய்யறதை ஆராயுறவர். ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தோட எல் பாசோ கிளையில இருந்தார், ஃபோர்ட் பிளிஸ் முகாமில். பேட்ரியாட் படைகளுக்கு அப்போ பயிற்சிப் பள்ளி அங்கதான். (எல் பாசோவும் டெக்சாஸ்தான், ஆனா டல்லாஸ்லேர்ந்து சுமார் 1000 கிலோமீட்டர். சென்னை டு கன்னியாகுமரியை விட அதிகம்!) பேட்ரியாட் உருவான காலத்துலயே அதுல வேலை பார்த்த மனுஷர். 2004ல ஃபோர்ட் பிளிஸ் தளபதி மைக்கேல் வேன் இவர் குழுவைக் கூப்பிட்டுக் கேட்டார்: ஏன் நம்ம ஆட்கள் விழிப்பா இல்லை, ஏன் மெஷினைக் கண்மூடித்தனமா நம்புறாங்க?

ஹாலி சொன்ன பதில் ராணுவத்துக்கு இனிச்சிருக்காது. சிப்பாய் சோம்பேறி இல்ல, நீங்க அவனை அப்படித்தான் பழக்கியிருக்கீங்க. திரையில இது வந்தா இந்தப் பட்டன்னு மனப்பாடம் பண்ண வெச்சீங்க, நம்ம ஊர் நோட்ஸ் மாதிரி. மெஷின் எப்போ தப்பு பண்ணும்னு சொல்லிக் கொடுக்கலை. அது வகை பிரிக்கிறதுல குழம்பும்னு சோதனைகள்லயே தெரிஞ்சிருந்தது, ஆனா அந்த விஷயம் பாடத்துக்குள்ள வரவே இல்லை. மணிக்கணக்கா ஒண்ணும் நடக்காத திரையை வெறிச்சுக்கிட்டு இருக்கிறவன், திடீர்னு ஒரு நிமிஷத்துல கம்ப்யூட்டரை எதிர்த்து முடிவெடுக்கணும்னா அவனுக்கு ஆழமான அனுபவம் வேணும். அது இல்லாம ஒரு ஆளை அங்க உட்கார வெச்சிருக்கிறது கணக்குக்குத்தான்.

இதைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சது. 'மனுஷன் கட்டுப்பாட்டில் இருக்கு'ன்னு இப்ப ஒவ்வொரு ஏஐ கம்பெனியும் சொல்லுது. இங்க மனுஷன் இருந்தான். ரெண்டு தடவையும் இருந்தான். என் கிளாஸ்ல மாடல் 99 சதவீதம் சரியா வருதுன்னா கைதட்டுவோம். 2005ல வந்த பாதுகாப்புத் துறை அறிவியல் குழுவோட அறிக்கையில இருக்கிற கணக்கைப் பாருங்க. அந்தப் போரில் நேச நாட்டு விமானங்கள் பறந்தது 41,000 தடவை, பேட்ரியாட் பிரிவுகள் 60. எதிரி ஏவுகணைகளோ ஒன்பது. அதாவது ஒரு எதிரி ஏவுகணைக்கு நாலாயிரத்துக்கும் மேல நம்ம விமானம். அத்தனை விமானத்தை அத்தனை ராடார் பார்த்தா லட்சக்கணக்குல வாய்ப்பு. அபூர்வமான தப்புகூட எப்பவாவது நடந்தே தீரும்.

ஹாலி ரெண்டு விஷயம் கேட்டார்: எதையெல்லாம் தானியங்கியா விடலாம்னு மறுபடி யோசிங்க, பயிற்சியை அடியோட மாத்துங்க. சாஃப்ட்வேர் திருத்தங்கள் வந்தது. பயிற்சி விஷயத்துல ராணுவம் அவ்வளவு வேகம் காட்டலை. 2017ல வெளிவந்த கட்டுரையிலயும் மனுஷர் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தார். பதிமூணு வருஷம்!

2023 தொடக்கத்துல உக்ரைன்லேர்ந்து சுமார் 65 சிப்பாய்கள் பேட்ரியாட் பழக வந்தாங்க. பள்ளி இப்போ எல் பாசோவில் இல்லை, ஓக்லஹோமாவில் ஃபோர்ட் சில், ரிச்சர்ட்சன்லேர்ந்து மூணு மணி நேர டிரைவ். நினைச்சதைவிட வேகமா, பத்து வாரத்துல முடிச்சுட்டுப் போனாங்க. எப்படின்னு கேட்டதுக்கு அமெரிக்க அதிகாரிகள் சொன்ன காரணம்: வந்தவங்க புதுசு இல்லை, ஏற்கனவே போரில் வான் பாதுகாப்பு வேலை பார்த்து அடிபட்டவங்க.