வழக்கமும் மார்க்கமும்: இரு எழுத்தாளர்களின் சான்று

உடற்கூறு இயற்கை தருவது. ஆணுக்கு இன்னது, பெண்ணுக்கு இன்னது என்னும் வரையறை சமூகம் வகுப்பது. முன்னதைப் ‘பால்’ என்றும் பின்னதைப் ‘பாலினம்’ என்றும் பிரித்தறிவர் பாலினவியலார். இவ்வேறுபாட்டை நம் சமுதாய வரலாற்றில் பொருத்திப் பார்ப்போம்.

நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. ஆயினும் 1938இல் வெளிவந்த அவரது ‘காதலா? கடமையா?’ நாவலுக்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். துவரங்குறிச்சியில் பூப்பெய்தியதும் பள்ளியினின்று நிறுத்தப்பட்ட சல்மா, 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலைத் தந்தார்.

இருவருக்கும் எழுதுகோலே துணை. சல்மாவுக்குச் சட்டமும் வழிவிட்டது. உள்ளாட்சியில் மூன்றிலொரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிய அரசியலமைப்புத் திருத்தங்கள் 1992இல் நிறைவேறின. அவ்வொதுக்கீட்டின் பயனாய் 2001இல் அவர் பேரூராட்சித் தலைவரானார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார்.

படிப்பை நிறுத்திய வழக்கத்தை மார்க்கம் எனக் கருதுவோர், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் 2,000க்கும் மேற்பட்ட நபிமொழிகளை அறிவித்ததையும், நபித்தோழர்களே அவர்களிடம் ஐயம் தெளிந்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விரு பெயர்களையும் நாம் பெருமையுடன் சொல்கிறோம். அவர்களைப் போலவே படிப்பை இழந்து, பெயரும் பதியாமல் மறைந்த தோழியரையும் நாம் கணக்கில் கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.