மோட்டாரை எங்கே வைக்கிறது?

பழைய சைக்கிளுக்கு மின் மோட்டார் பொருத்தக் கிளம்பினால் முதலில் வரும் தகராறு, எங்கே வைப்பது? முன் சக்கரமா, பின் சக்கரமா, பெடல் அச்சா? இந்தத் தகராறுக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது.

1895-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஆக்டன் போல்டன் மோட்டாரைப் பின் சக்கரத்தின் நடுவிலேயே வைத்துக் காப்புரிமை வாங்கினார். பல்சக்கரம் கிடையாது. 1897-இல் பாஸ்டனின் ஹோசியா லிபி அதைப் பெடல் அச்சுக்குக் கொண்டுவந்தார். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற இரண்டு வகையும் அப்போதே வந்தாச்சு. ஆனால் அன்றைய பேட்டரி பயங்கர கனம், பெட்ரோல் முந்திக்கொண்டது.

இடம் ஏன் முக்கியம் என்று காட்டியதும் பெட்ரோல் வண்டிதான். அதே 1897-இல் பாரிஸின் வெர்னர் சகோதரர்கள் எஞ்சினை முன் சக்கரத்துக்கு மேலே ஏற்றி, பெல்ட் போட்டு அந்தச் சக்கரத்தையே சுழற்றினார்கள். சைக்கிளைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கனம் முழுக்க உயரத்தில். ஈரச் சாலையில் வண்டி சறுக்கிப் படுத்துவிடும். 1901-இல் எஞ்சினைச் சட்டத்தின் அடியில், பெடல் பக்கமாக இறக்கினார்கள். மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் இன்றும் அங்கேதான்.

இதெல்லாம் படிக்கும் முன்பே நான் முன் சக்கர மோட்டாரை வாங்கிவிட்டேன். காரணம் சோம்பேறித்தனம்: செயினையும் கியரையும் தொட வேண்டாமே! மோட்டார் அச்சில் இருப்பதால் வெர்னர் வண்டி மாதிரி தலை கனக்காது. ஆனால் மேடு ஏறும்போது பாரம் பின்னால் போய்விடுகிறது. மழை விட்ட ஒரு சாயங்காலம், மேட்டில் முன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

இப்போது பெடல் அச்சில் மாட்டியிருக்கிறேன். செயின்தான் சீக்கிரம் தேயுது.