படுக்கையருகே எழுதப்பட்ட கணக்கு

இருதயம் தளர்ந்த நோயாளியைப் பராமரிக்கும் வித்தை தாதியர் பள்ளிகளில் எவ்வாறு வளர்ந்தது என்று சொல்லப் புகுவோர் பெரும்பாலும் மருந்துகளின் சரித்திரத்தையே சொல்லி முடித்துவிடுகிறார்கள். டிஜிட்டாலிஸ் வந்தது, பாதரச ஊசி வந்தது, நீரை இறக்கும் மாத்திரை வந்தது என்று அடுக்கிவிட்டால் கதை பூரணமாகிவிட்டதாக ஓர் எண்ணம். ஆனால் அம்மருந்துகள் ஒவ்வொன்றும் நோயாளிக்கு நன்மை செய்ததும், அவற்றுள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதுங்கூட, படுக்கையருகே இருந்த ஒருத்தி நாடியை எண்ணி, நீரை அளந்து, எடையைப் பார்த்து, அவற்றைத் தவறாமல் எழுதி வைத்ததனால்தான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நோயின் இயல்பே அப்படி. வந்த இரத்தத்தை முழுவதும் வெளியே தள்ள வலுவில்லாத இருதயத்தின் பின்னே இரத்தம் தேங்குகிறது. இடப்புறத்தில் தேங்கினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது, வலப்புறத்தில் தேங்கினால் கணுக்காலிலும் வயிற்றிலும் நீர் இறங்கி வீக்கம் காண்கிறது. போதாக்குறைக்குச் சிறுநீரகமும் உடலில் இரத்தம் குறைந்துவிட்டதென்று மயங்கி உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பகலெல்லாம் நாற்காலியில் ஓரளவு சுகமாக இருந்தவர் இரவு 2 மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து, சன்னலைத் திறக்கச் சொல்லிக் கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்காருவதை வைத்தியர் காண்பதில்லை; காலையில் சுற்றிவரும்போது யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். இந்த நோயின் முக்கியமான அடையாளங்கள் எல்லாம், கூடவே இருப்பவர்களின் கண்ணுக்கு மட்டுமே அகப்படுபவை.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து வைத்தியரான வில்லியம் விதரிங் இதை நன்கு உணர்ந்திருந்தார். ஷ்ராப்ஷயர் பிரதேசத்தில் ஒரு முதியவள் நீர்வீக்கத்திற்கென்று ரகசியமாய் வைத்திருந்த குடும்ப மருந்தைப் பற்றி 1775-இல் அவரிடம் அபிப்பிராயம் கேட்டபோது, இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கலந்த அந்தக் கஷாயத்தில் வேலை செய்வது, டிஜிட்டாலிஸுக்கு மூலமான ஃபாக்ஸ்குளோவ் என்னும் ஒரே செடிதான் என்று அவர் கண்டுகொண்டார். பத்தாண்டு அதை ஆராய்ந்து 1785-இல் அவர் வெளியிட்ட நூலில் மருந்தின் புகழைவிட அதன் அபாயத்தைப் பற்றிய எச்சரிக்கையே என் மனத்தைக் கவருகிறது. அளவு மிஞ்சினால் குமட்டும், பார்க்கும் பொருளெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தோன்றும், நாடி நிமிஷத்துக்கு 35 வரை இறங்கிவிடும் என்று குறித்த அவர், நீர் பிரிவதிலோ வயிற்றிலோ நாடியிலோ மாறுதலின் முதல் குறி தென்பட்டதும் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று விதித்தார். விதி சரியானது, ஆனால் அந்த முதல் குறியைக் கண்டு சொல்லப் பயின்ற ஒருவர் அக்காலத்தில் எந்த வீட்டில் இருந்தார்? வேலைக்காரியும் பக்கத்து வீட்டுக் கிழவியுந்தான் நோயாளியுடன் இருந்தார்கள். மருந்து கிடைத்துவிட்டது; அதைக் காவல்காக்கும் கண் இன்னும் பயிற்சி பெறவில்லை.

அந்தக் கண்ணைப் பழக்கும் காரியத்தை ஒரு கல்வியாக அமைத்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதற்குச் சற்று முன்பு அவர் வெளியிட்ட தாதிமை பற்றிய குறிப்பு நூலில், நோயாளியை அவதானிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். தலையணை வைப்பதைப் பற்றியும் அதே நூலில் எழுதியிருக்கிறார். மூச்சுத் திணறுகிறவருக்குத் தலையணைகளைச் சுவர்போல் செங்குத்தாக அடுக்கினால் தலை முன்னே தள்ளப்பட்டு மார்பு ஒடுங்கிப் போகும் என்றும், மூச்சுறுப்புகளுக்குக் கீழே முதுகைத் தாங்கும்படியும், தோள்கள் பின்னே சாய இடம் இருக்கும்படியும், தலை முன்னே சாயாமல் ஏந்தப்படும்படியும் அவற்றை அமைக்க வேண்டும் என்றும், இதில் அசட்டையாக இருப்பதால் மரணத் தறுவாயில் இருப்பவர்களின் வேதனை மிகமிக அதிகமாகிறது என்றும் அவர் எழுதியதை, இன்றைக்கும் எந்த வார்டிலும் பரீட்சித்துப் பார்க்கலாம். இருதயத் தளர்ச்சிக்கு அன்று உறுதியான மருந்து டிஜிட்டாலிஸ் ஒன்றே. ஆனால் தலையணையைச் சரியாக வைக்கத் தெரிந்த மாணவி ஒருத்தி அன்றே நோயாளிக்கு ஓர் இரவுத் தூக்கத்தை அளிக்க முடிந்தது. இது சிறிய காரியமென்று நினைப்பவர்கள் மூச்சுக்குத் தவித்து விடியலுக்குக் காத்திருந்தவர்களைக் கண்டதில்லை.

அதன்பின் வந்த ஐம்பது ஆண்டுகளில் மாணவியின் கையில் வேலைகள் பெருகின. 1866-இல் ருஷ்ய வைத்தியர் காரெல் ஆடை நீக்கிய பாலைச் சிறிதுசிறிதாக அளந்து கொடுக்கும் பத்தியத்தை விவரித்தார். பிற்காலத்து வார்டுகளில் அது ஒரு வேளைக்கு 200 மில்லி, நாளைக்கு நான்கு வேளை என்ற திட்டமாக நிலைத்தது. தாகத்தால் கெஞ்சும் நோயாளிக்கு அந்தக் கிண்ணத்துக்கு மேல் ஒரு மிடறுகூடத் தராமல், அவர் மனத்தையும் நோகச் செய்யாமல் காலத்தைக் கடத்துவது தாதியின் பொறுப்பாயிற்று. 1877-இல் லண்டன் வைத்தியர் ரெஜினால்ட் சௌதி, வீங்கிய காலில் நுண்ணிய உலோகக் குழாய்களைச் செருகி, அவற்றில் மாட்டிய ரப்பர் குழாய் வழியே நீரைச் சொட்டுச்சொட்டாகக் கட்டிலடியில் உள்ள பாத்திரத்தில் இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். குத்திய இடம் சீழ்பிடிக்காமல் காப்பதும், ஈரமான விரிப்பை மாற்றுவதும், பாத்திரத்தில் சேர்ந்ததை அளப்பதும் மாணவிகளின் வேலை.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஜேம்ஸ் மக்கன்ஸியும் தாமஸ் லூயிஸும் தாறுமாறாகத் துடிக்கும் நாடியின் காரணத்தை விளக்கிய பிறகு, நாடி எண்ணுவதே புதிய சாஸ்திரமாகிவிட்டது. இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கற்று நடுங்கும்போது, அரைகுறையாய் நிரம்பிய துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேருவதில்லை. ஆகையால் ஒருத்தி ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தும் மற்றொருத்தி விரல்களை மணிக்கட்டில் வைத்தும், ஒரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே முழு நிமிஷத்தை இருவரும் மௌனமாக எண்ணுவார்கள். மார்பில் 120, கையில் 90 என்றால் 30 துடிப்புகள் வழியிலே வீணாகின்றன. டிஜிட்டாலிஸ் வேலை செய்யச் செய்ய அந்த இடைவெளி நாளுக்கு நாள் சுருங்கிவரும். மார்பில் எண்ணியது 60-க்குக் கீழே இறங்கியிருந்தால் அவ்வேளை மருந்தைக் கொடுக்காமல் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும் என்ற நியமம் மாணவியின் மனத்தில் முதலாண்டிலேயே பதிய வைக்கப்பட்டது. விதரிங் கேட்ட காவல் இதுதான்; அது ஒரு நியமமாகி வார்டுக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இந்தச் சரித்திரத்தில் தாதியரின் கணக்கு தன் முழு மதிப்பையும் வெளிப்படுத்திய இடம் வியன்னா, ஆண்டு 1919. அந்நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வென்கெபாக் என்னும் பேராசிரியரின் பிரிவில் ஆல்ஃப்ரெட் ஃபோகல் என்ற மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர் பயின்றுவந்தார். பிறவியிலேயே மேகநோய் கண்டு மெலிந்து கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு, நோவசுரால் என்ற புதிய பாதரச மருந்தை அவர் ஊசியாகப் போட்டார். அந்தக் காலத்தில் மேகநோய்க்குப் பாதரசம் வழக்கமான சிகிச்சை. நீர் பிரிவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த வார்டின் தாதியர் நாள்தோறும் நோயாளியின் நீரை அளந்து தாளில் குறித்து வந்தார்கள். ஊசி போட்ட நாட்களில் அந்த அளவு பன்மடங்கு ஏறியிருப்பதும், ஊசியை நிறுத்தியதும் பழையபடி இறங்கிவிடுவதும் அத்தாளில் பளிச்சென்று தெரிந்தன. அதைக் கண்ட ஃபோகல், உடலெல்லாம் நீர் கோத்துக் கிடந்த ஓர் இருதய நோயாளிக்கும் அதே ஊசியைப் போட்டுப் பார்க்க, ஒரே நாளில் 10 லிட்டர் அளவுக்கு நீர் பிரிந்ததாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்து எழுதினார். 1920-இல் அதே வியன்னாவில் சாக்ஸ்ல், ஹைலிக் என்ற இரு வைத்தியர்கள் இம்மருந்தின் குணத்தை முறைப்படி வெளியிட்டார்கள். அடுத்த சுமார் நாற்பதாண்டுக் காலம் உலகெங்கும் இருதய வார்டுகளில் பாதரச ஊசியே பிரதான ஆயுதமாக இருந்தது. வைத்திய நூல்களில் இவ்விருவர் பெயரும் ஃபோகல் பெயரும் நிலைத்தன. தாளில் எண்களை எழுதியவர்களின் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. அவர்கள் அன்று, இந்த நோயாளிக்கு இது அவசியமில்லை என்று ஒருநாள் அளக்காமல் விட்டிருந்தால்கூட அந்தத் தாள் இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்குமா என்பது சந்தேகமே.

பாதரச ஊசி வந்தபின் வார்டின் காலைப்பொழுதே மாறிவிட்டது. இரவெல்லாம் எழுந்திருக்க நேராமலிருக்க ஊசி காலையிலேயே போடப்படும். அதற்கு முன், நீர் கழித்த பிறகு, ஆகாரம் கொள்ளுமுன், அதே உடையில், அதே தராசில் நோயாளியை நிறுத்து எடை பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை என்பதால், வீக்கம் கண்ணுக்குத் தெரியுமுன்பே தராசு சொல்லிவிடும். பின்பு முழந்தாளின் கீழ் எலும்பின்மேல் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, எடுத்தபின் குழி எவ்வளவு நேரம் நிற்கிறதென்று பார்ப்பாள் மாணவி. படுக்கையோடு கிடந்தவருக்கோ நீர் காலில் இராமல் முதுகின் அடியில் இறங்கியிருக்கும் என்பதும் அவளுக்குச் சொல்லித்தரப்பட வேண்டியதே. படுக்கையிலேயே வாரக்கணக்கில் கிடத்துவதுதான் இருதயத்துக்கு ஓய்வு என்ற கொள்கையை 1944-இல் பாஸ்டன் நகர் வைத்தியர் சாமுவேல் லெவைன் மறுத்து, படுத்தே கிடந்தால் நீர் நுரையீரலுக்கு ஏறும், காலில் இரத்தம் உறையும், ஆகவே நாற்காலியில் உட்கார வையுங்கள் என்று வற்புறுத்தியதும், நூற்றாண்டுக்கு முன்பிருந்தே இரவில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நோயாளிகள் தாமாகவே சொல்லிவந்ததைத்தான் சொன்னது.

1950-களின் கடைசியில் குளோரோதையசைடும், 1960-களில் ஃபுரோசமைடும் மாத்திரையாக வந்து பாதரச ஊசியை ஒதுக்கின. அதே காலத்தில் அமெரிக்காவில் கான்சஸ் நகரிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் மாரடைப்பு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவுகள் எழுந்தன. ஃபிலடெல்ஃபியாவில் மெல்ட்ஸர் என்ற வைத்தியரும் ரோஸ் பினியோ என்ற தாதியும், இ.சி.ஜி. கோடுகளைத் தாதியரே படித்து, வைத்தியர் வருமுன் அவர்களே மின்னதிர்ச்சி கொடுத்து உயிரைக் காக்கலாம் என்று நிலைநாட்டி, 1965-இல் அதற்கென ஒரு கைந்நூலையும் வெளியிட்டார்கள். தாதியருக்கு அது பெரிய கௌரவம், அதில் ஐயமில்லை. ஆனால் திரையில் ஓடும் கோட்டைக் கற்பதே உயர்ந்த கல்வி என்றும், மூத்திரக் குடுவையை அளப்பது கடைநிலை வேலை என்றும் ஒரு மனோபாவம் பள்ளிகளில் புகுந்ததும் அக்காலத்தில்தான் என்று நான் கருதுகிறேன். மாரடைப்பில் பிழைத்தவர்கள் தளர்ந்த இருதயத்தோடு வீடு திரும்பினார்கள். சில வாரங்களில் கால் வீங்கி மறுபடி வார்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பழைய கணக்கே. இந்தத் தடவை அதை வீட்டில் எழுத வேண்டியிருந்தது.

ஸ்வீடன் தேசத்தில் 1990 முதல் தாதியரே நடத்தும் இருதயத் தளர்ச்சி நிலையங்கள் தோன்றின. 1995-இல் செயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் ரிச் என்பவரும் அவர் தோழர்களும் 70 வயது கடந்த 282 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி, தாதி ஒருத்தி நோயை விளக்கிச் சொல்லி, உப்பைக் குறைக்கப் பழக்கி, வீட்டுக்குப் போனபின்பும் நேரிலும் தொலைபேசியிலும் தொடர்ந்து விசாரித்து வந்தால், இருதயத் தளர்ச்சிக்காக மறுபடி மருத்துவமனையில் சேர நேர்வது 90 நாளில் பாதிக்கும் கீழே இறங்குகிறது என்று காட்டியது. அதன்பின் மாணவிக்குப் போதிக்க வேண்டிய பாடமே ஒருபடி ஏறிவிட்டது: தான் கணக்கெடுக்கக் கற்றது போதாது, நோயாளியையும் அவர் மனைவி மக்களையும் கணக்கெடுப்பவர்களாக ஆக்கக் கற்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறினால் காத்திராமல் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வரி விதி, அப்படிக் கற்றுத்தரப்பட்டதே.

நம் நாட்டில் இக்கல்விக்கு வேர் ஆழமானது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-இலேயே தாதியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் தொடங்கிய தாதியர் பள்ளி, 1946-இல் பட்டப்படிப்பு அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. இங்கே இருதயத் தளர்ச்சியோடு வந்தவர்கள் முதியவர்கள் மட்டுமல்லர். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதான சிறுவரும் கர்ப்பிணிகளும் அவர்களுள் பலர். மேலைநாட்டு நூல்களில் இல்லாத சில சங்கடங்களையும் இங்குள்ள மாணவி சமாளிக்க வேண்டும். நேற்று எவ்வளவு நீர் குடித்தீர்கள் என்று கேட்டால் நம்மவர் தண்ணீரை மட்டுமே சொல்வார். காலைக் காபியும், பகல் ரசமும் மோரும், இரவுக் கஞ்சியும் அவர் கணக்கில் சேரா. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உப்பு என்று அவருக்குத் தோன்றுவதில்லை; கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளச் சிறிதுதானே என்பார். ஆகவே வீட்டிலிருந்து வந்த டம்ளரை வாங்கி, அளவுக்குடுவையில் ஊற்றி அது எத்தனை மில்லி கொள்கிறதென்று முதல் நாளே பார்த்துக்கொண்டு, டம்ளர் கணக்கிலேயே பேசத் தெரிந்த மாணவிதான் சரியான தாளை எழுத முடியும். சமையல் செய்பவர் மாமியாரா மருமகளா என்று அறிந்து அவரிடமே உப்பைப் பற்றிப் பேசத் தெரிந்தவளிடந்தான் அந்தக் குடும்பம் பத்தியத்தைக் கடைப்பிடிக்கும்.

எனினும் இன்றைய பல வார்டுகளில் நீர்க்கணக்குத் தாள் மூன்று ஷிஃப்டுகளில் கைமாறி, இடையிடையே வெறுமையாக விடப்பட்டு, வைத்தியர் வரும் நேரத்தில் உத்தேசமாக நிரப்பப்படுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. மாணவிகளைக் குறை சொல்வதற்கில்லை; அந்த எண்களுக்கு என்ன வலிமை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தாதியர் கல்லூரிகளில் போதிப்பவர்களிடம் நான் விநயமாகக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஒவ்வொரு மாணவிக்கும் இருதயம் தளர்ந்த ஒரே ஒரு நோயாளியை, வார்டில் சேர்ந்த நாள் முதல் வீடு திரும்பி ஒரு மாதம் ஆகும்வரை, ஒப்படையுங்கள், அவர் நாடியையும் நீரையும் எடையையும் அவளே தன் கையால் எழுதட்டும், எழுதியதை வைத்தியர் முன்னிலையில் அவளே வாசித்து விளக்கட்டும், அந்தத் தாளுக்கும் பரீட்சையில் மதிப்பெண் கொடுங்கள்.