மருத்துவர் மறுமதிப்பீடு: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

மருத்துவர் மறுமதிப்பீடு என்பது, பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட மருத்துவர் இன்றும் தகுதியோடு தொழில் செய்கிறாரா என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும் ஏற்பாடு. பிரிட்டனில் இது சட்டக் கடமை. இந்தியாவில் நடப்பிலிருப்பது அதில் ஒரு துண்டுதான்: மருத்துவர் எத்தனை மணி நேரம் கருத்தரங்குகளில் கலந்துகொண்டார் என்ற கணக்கு. அவர் நோயாளியை எப்படிப் பார்க்கிறார் என்பது அந்தக் கணக்கில் வராது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கும் இதுவே நிலை.

சட்டமும் நடைமுறையும்

தமிழகத்தில் மருத்துவர் பதிவு 1914-ஆம் ஆண்டின் மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டத்தில் தொடங்குகிறது. அதன் வழிவந்த தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் சென்னையில் இயங்குகிறது. ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகள் கூறுகின்றன. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘சி.எம்.இ.’ என்பார்கள், அதற்குக் கிடைப்பது ‘கிரெடிட்’. அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய நன்னடத்தை விதிகளை வெளியிட்டது. எதிர்ப்பு எழவே, அதே மாதம் 23-ஆம் தேதி அவற்றை நிறுத்திவைத்து 2002 விதிகளையே மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஐந்தாண்டுக்கு 30 மணி என்றால் ஆண்டுக்கு ஆறு மணி, அதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் மருத்துவர் அந்த ஞாயிறன்று திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய் இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பது பற்றிய உரையைக் கேட்டுவிட்டு வந்தாலும் மணிக்கணக்கு நிறைந்துவிடும். மறுநாள் அவர் முன் வந்து நிற்பது பாம்புக்கடியும் பூச்சிமருந்து நஞ்சும். 2017-இல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த உழவர்கள் நஞ்சேறி இறந்தது மாநிலம் அறிந்த செய்தி. இந்த நஞ்சுக்கு முறிவாகக் கொடுக்கும் அட்ரோபின் ஊசியை எந்த அளவில் தொடங்குவது, எப்போது கூட்டுவது, எந்த நிலையில் பெரிய மருத்துவமனைக்கு ‘ரெஃபர்’ செய்வது என்பதில்தான் இப்பகுதியில் உயிர் பிழைப்பது இருக்கிறது. பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. ஆனாலும் இத்தகைய சிகிச்சைத் திறன்களைச் சோதிக்கும் மறுமதிப்பீடு எதுவும் இங்கே இல்லை.

பிரிட்டன் வழி

மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த ஹெரால்ட் ஷிப்மன், தன் நோயாளிகள் 15 பேரைக் கொன்ற குற்றத்துக்காக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். ஊரில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தக் கொலைகளை ஆராய்ந்த ஜேனட் ஸ்மித் ஆணையம், பிரிட்டனில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவக் கவுன்சில் அப்போது திட்டமிட்டிருந்த மறுமதிப்பீடு போதாது என்று 2004-இல் கண்டித்தது. 2012 டிசம்பர் 3 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டில், மருத்துவர் ஆண்டுதோறும் மதிப்பீட்டுக்கு உட்படுகிறார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைத் தொடரப் பரிந்துரை செய்யப்படுகிறது. நோயாளிகளும் உடன் பணியாற்றுவோரும் சொல்லும் கருத்தும் கணக்கில் சேர்கிறது. கொலைகாரனைப் பிடிக்கும் வலையாக இதைப் பார்ப்பது தவறு. சாதாரண மருத்துவரின் அன்றாட வேலையைச் சீர்செய்வதற்கே இது ஓரளவு உதவும்.

பலன் என்ன?

அனுபவம் கூடக் கூடத் தரமும் கூடும் என்பது நம்மூர் நம்பிக்கை. 62 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் அமெரிக்காவில் வெளியான கட்டுரை அதற்கு நேர்மாறாகச் சொன்னது: பாதிக்கு மேற்பட்ட ஆய்வுகளில், அளந்த எல்லா வகையிலும் தொழிலில் ஆண்டுகள் கூடக் கூடச் செயல்திறன் குறைந்திருந்தது. மருத்துவரின் பணியைத் தணிக்கை செய்து முடிவை அவரிடமே சொல்வதால் என்ன மாற்றம் வரும் என்று 140 ஆய்வுகளைப் பரிசீலித்தது 2012-இல் வந்த காக்ரேன் தொகுப்பு. முன்னேற்றத்தின் இடைநிலை அளவு 4.3 சதவீதப் புள்ளி மட்டுமே. ஆனால் தொடக்கத் தரம் தாழ்ந்திருந்த இடங்களிலும், மேலதிகாரியோ சக மருத்துவரோ திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்ன இடங்களிலும் பலன் கூடியிருந்தது.

தமிழகம் இந்தத் தணிக்கை வழியை வேறு பெயரில் ஏற்கெனவே கையாண்டிருக்கிறது. 1990-களில் தொடங்கிய தாய்மார் மரணத் தணிக்கையில், பிரசவ காலத்தில் தாய் இறந்தால் எங்கே தாமதமானது, யார் எதைக் கவனிக்கத் தவறினார்கள் என்று மருத்துவமனை அளவிலும் ஆட்சியர் அளவிலும் விசாரிக்கிறார்கள். பேறுகால இறப்பு 2001–03-இல் லட்சம் பிறப்புக்கு 134 ஆக இருந்து, 2018–20-இல் 54 ஆகக் குறைந்தது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கி ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. தணிக்கைக்கு மட்டும் புகழ் சேர்ப்பது நியாயமில்லை. ஆனாலும் அது மருத்துவரிடம் வருகைச் சான்றிதழைக் கேட்பதில்லை; செய்த சிகிச்சைக்கு விளக்கம் கேட்கிறது. கவுன்சிலின் கிரெடிட் கணக்கில் இல்லாதது இதுதான்.

2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் 5.65 லட்சம் பேருடன் மாநிலத்தின் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாவட்டமாக இருந்தது, அரியலூரில் 7.55 லட்சம் பேர். இவ்வளவு சிறிய மாவட்டங்களில் மாதம் ஒருமுறை மருத்துவர்களைக் கூட்டி, பூச்சிமருந்து நஞ்சாலும் பாம்புக்கடியாலும் நேர்ந்த இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்வது கடினமல்ல. 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும், பெரம்பலூர் சிறுவாச்சூரில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரியும் இருப்பதால், நிபுணர்களுக்காகத் திருச்சியை எதிர்பார்க்க வேண்டிய தேவையும் குறைந்திருக்கிறது. அத்தகைய கூட்டத்தில் செலவிடும் நேரத்தை 30 மணிக் கணக்கில் சேர்க்கத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் முன்வர வேண்டும்.