நாட்டுப் பாவமும் நாவின் மௌனமும்
ஜேர்மனியத் திருச்சபையின் மனந்திரும்புதல் நாள், 1938

இடுக்கண் வந்துற்ற காலத்தில் ஓர் ஊரோ நாடோ ஒருங்குகூடி உபவாசமிருந்து மன்றாடுதல் கிறிஸ்தவ மரபுக்குப் புதியதன்று. யோனாவின் நூலிலே வரும் நினிவே நகரம் இதற்கு ஆதி உதாரணமாகக் காட்டப்பெறுவது. அங்கு அரசன் சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்காருகின்றான். மாந்தர் மட்டுமன்றி மிருகங்களும் இரட்டுடுத்துகின்றன. ஆயின், அக்கதையைக் கூர்ந்து படிப்போர் ஒரு சிறு விவரத்தைக் காணத் தவறார். அரசகட்டளை இரட்டோடும் சாம்பலோடும் முடியவில்லை. ஒவ்வொருவனும் தன் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்புக என்றும் அது பணிக்கின்றது. இறைவன் கண்டு மனமிரங்கியதும் அவர்களுடைய செய்கைகளையே என நூல் கூறும்.

இரட்டுடுத்துமாறு ஆணையிடுதல் எவ்வரசுக்கும் எளிது. கைகளிலுள்ள கொடுமை யாதெனப் பெயர் சுட்டிச் சொல்லுதலே அரிது. அதனைச் சொல்லவேண்டியவர் யார், சொன்னவர்க்கு நேர்வது யாது என்னும் வினாக்கள் ஜேர்மனியப் புரட்டஸ்தாந்துத் திருச்சபையில் 1938ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதிக்கும் டிசெம்பர் முதல் வாரத்துக்கும் இடைப்பட்ட பத்து வாரங்களில் மிகக் கூர்மையாக எழுந்தன. அப்பத்து வாரங்களை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் நாளின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். துருக்கியப் படையெடுப்பின் அச்சம் ஐரோப்பாவைப் பிடித்திருந்த 1532இல், பேரரசனின் தூண்டுதலால் ஸ்ராஸ்பேர்க் நகரிலே புரட்டஸ்தாந்தரின் முதலாவது பொது மனந்திரும்புதல் நாள் அனுட்டிக்கப்பட்டது. போர், கொள்ளைநோய், பஞ்சம் என ஒவ்வோர் இடரின்போதும் ஒவ்வொரு சிற்றரசும் தத்தமக்கெனச் சில நாட்களை வகுத்துக்கொண்டன. 1878இல் எண்ணிப் பார்த்தபோது 28 ஜேர்மனிய நாடுகளிலே 24 வெவ்வேறு திகதிகளில் 47 மனந்திரும்புதல் நாட்கள் இருந்தனவாம்! 1890களின் தொடக்கத்தில் பிரசியா இவற்றை ஒழுங்குபடுத்தித் திருச்சபை ஆண்டின் இறுதி ஞாயிறுக்கு முந்திய புதன்கிழமையை நிலைநிறுத்தியது. 1934இல் ஹிட்லரின் அரசு அதனை நாடு முழுவதற்குமான விடுமுறையாக்கிற்று. அரசே வகுத்த நாள், அரசே அளித்த ஓய்வு என்பதை நாம் மனத்திற்கொள்ளல் நன்று. ஜேர்மன் மொழியில் மனந்திரும்புதலைக் குறிக்கும் சொல்லே தண்டப்பணத்தைக் குறிக்கும் சொல்லிலும் வருகின்றது. அச்சொல்லில் உள்ளத்தின் திரும்பலோடு கடன் தீர்க்கும் பொருளும் கலந்திருக்கின்றது. தமிழில் நாம் வழங்கும் சொல் இவ்வகையில் தெளிவானது எனலாம்.

1938 செப்டெம்பரில் செக்கோஸ்லோவாக்கியா பற்றிய நெருக்கடி முற்றி, போர் இன்றோ நாளையோ எனும் நிலை தோன்றியது. நாற்சி ஆதிக்கத்துக்குப் பணிய மறுத்த புரட்டஸ்தாந்தரின் அமைப்பான அறிக்கையிடும் திருச்சபையின் தற்காலிகத் தலைமைப்பீடம், 30ஆந் திகதி நடத்தற்குரிய ஒரு மன்றாட்டு வழிபாட்டு முறையை 27ஆந் திகதி சபைகளுக்கு அனுப்பிற்று. போர்க்கால மன்றாட்டுக்களில் வழக்கமாக இடம்பெறும் வெற்றி வேண்டுதல் அதில் இல்லை. அதற்குப் பதிலாகச் சபையார் தம் பாவத்தையும், திருச்சபையின் பாவத்தையும், தம் மக்களினத்தின் பாவத்தையும் அறிக்கையிட வேண்டியிருந்தது. இறைவனின் வார்த்தை எதிர்க்கப்பட்டது, உண்மை ஒடுக்கப்பட்டது, வெளிப்படையாகவும் மறைவாகவும் அநீதி இழைக்கப்பட்டது என்னுங் கருத்துக்கள் அதிலே அடங்கியிருந்தன. போரினால் வருந்தும் எல்லா நாட்டவர்க்காகவும் வேண்டும் பகுதியும் இருந்தது. யூதர் என்ற சொல் மட்டும் இடம்பெறவில்லை.

மியூனிச் உடன்படிக்கை கைச்சாத்தானமையால் போர் தள்ளிப்போயிற்று, வழிபாடும் நடைபெறவில்லை. அவ்வளவில் அச்செய்தி அடங்கியிருக்கலாம். ஆயின், ஒக்டோபர் 27ஆந் திகதி எஸ்.எஸ். படையினரின் வார ஏடு அவ்வழிபாட்டு முறையைத் தேசத்துரோகமென வருணித்துத் தாக்கியது. செக் நாட்டவர் ஆயுதமேந்தி எதிர்த்தல் வேண்டுமெனச் சுவிற்சர்லாந்திலிருந்து கார்ல் பார்த் எழுதிய கடிதமும் இக்காலத்தில் வெளியானமை ஐயத்தைப் பெருக்கியது. திருச்சபை விவகார அமைச்சர் கேர்ள், நான்கு பேராயர்களை அழைத்தார். மாராரென்ஸ், வூர்ம், மைசர், கியூலவைன் என்னும் அந்நால்வரும் ஒக்டோபர் 29ஆந் திகதி கையொப்பமிட்டு, சமயக் காரணத்தாலும் நாட்டுப்பற்றின் காரணத்தாலும் அவ்வழிபாட்டு முறையைத் தாம் நிராகரிப்பதாக அறிவித்தனர். அதனை இயற்றினோரிடமிருந்தும் தம்மைப் பிரித்துக்கொண்டனர். தற்காலிகத் தலைமைப்பீடத்தாருக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டது. நாட்டின் பாவத்தை அறிக்கையிடுதல் நாட்டுக்கு எதிரானது என்ற கொள்கையைப் பேராயரே ஒப்புக்கொண்ட நாள் அது.

பதினொரு நாட்களின் பின், நவம்பர் 9ஆந் திகதி இரவு, ஜேர்மனி எங்கணும் யூதரின் தொழுகையிடங்கள் எரிந்தன. 1,400க்கு மேற்பட்ட தொழுகைக்கூடங்களும் வழிபாட்டு மனைகளும் பாழாக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆடவர் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வாண்டு மனந்திரும்புதல் நாள் வந்தது நவம்பர் 16ஆந் திகதி. அஃதாவது சரியாக ஒரு வாரத்தின் பின். தீ அணைந்த இடங்களின் கரி இன்னும் அகற்றப்படாத தெருக்களினூடாகவே மக்கள் கோயிலுக்குச் சென்றனர். நாட்காட்டியே இவ்வாறு குருமாரை ஒரு சோதனைக்குள் நிறுத்திற்று. பெரும்பாலான பிரசங்க மேடைகளில் மனிதரின் பொதுவான பாவநிலை பற்றியே பேசப்பட்டது. விதிவிலக்கானோர் சிலரே. அவருள் இருவரை இங்கு நோக்குவோம்.

பேர்லினைச் சார்ந்த டாலெம் சபை மார்ட்டின் நீமொல்லரின் சபை. அவர் 1937 ஜூலை 1ஆந் திகதி கைதானதன் பின், அங்குள்ள புனித அன்னம்மாள் கோயிலில் நாடோறும் மாலையில் மன்றாட்டு நடந்துவந்தது. சிறைப்பட்டோரின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. பெயர் சொல்லி மன்றாடும் பயிற்சி அச்சபைக்கு முன்னரே இருந்தது. அங்கு நவம்பர் 16ஆந் திகதி பிரசங்கித்தவர் ஹெல்முட் கொல்விற்சர், பார்த்தின் மாணாக்கர், வயது 29. லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், யோவான் ஸ்நானகனிடம் மக்கள் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என வினவும் பகுதியே அவர் எடுத்துக்கொண்ட வாசகம். இன்று பிரசங்கிக்கும் உரிமை எவருக்கு உண்டு, நாம் பாடலும் செபமும் செய்தல் தகுமோ என்றவாறு தம்மையும் சபையையும் ஒருங்கே கூண்டிலேற்றித் தொடங்கினார். மனந்திரும்பாதவன் அயலானுக்குப் பகைவனாகிவிடுகிறான் எனக் காட்டினார். இரண்டு அங்கியுள்ளவன் ஒன்றைக் கொடுக்கட்டும் என்ற யோவானின் விடையை அன்றைய பேர்லினுக்குரிய விடையாக வைத்தார். வெளியே அயலான் காப்பாரற்று, மானமிழந்து, பசித்து, துரத்தப்பட்டு நிற்கின்றான் என்றும், இங்கு உண்மையாகவே மனந்திரும்புதல் நாள் அனுட்டிக்கப்பட்டதா என அறிய அவன் காத்திருக்கின்றான் என்றும் கூறி முடித்தார். அயலான் யாரெனக் கேட்டவர் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

மற்றையவர் பட்டினத்தவரல்லர். வூர்ட்டெம்பேர்க் நாட்டில் ஓபர்லெனிங்கன் என்னும் சிற்றூரின் குரு யூலியுஸ் வொன் யான். அந்நாட்டுச் சபைகளுக்கு அன்று குறிக்கப்பட்டிருந்த வாசகம், தேசமே தேசமே என எரேமியா விளிக்கும் 22ஆம் அதிகாரப் பகுதி. அரண்மனைக்குச் சென்று அநீதியைக் கண்டிக்கும் தீர்க்கர் இன்று ஜேர்மனியில் எங்கே என அவர் கேட்டார். பிற சமயத்தாரின் தொழுகையிடங்கள் எரிக்கப்பட்டதையும், பொருள் சூறையாடப்பட்டதையும், நாட்டுக்கு உண்மையாய் உழைத்தோர் வேற்றினத்தவர் என்ற ஒரே காரணத்தால் முகாம்களில் தள்ளப்பட்டதையும் ஒளிவின்றிக் கூறினார். கொல்விற்சர் குறிப்பாற் சொன்னதை இவர் வெளிப்படையாகவே சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது.

நவம்பர் 25ஆந் திகதி மாலை, வேற்றூர்களிலிருந்து வாகனங்களில் வந்திறங்கிய பல நூற்றுவர் கூட்டம் அவரைப் பிடித்து அடித்து, ஒரு கொட்டிலின் கூரைமேல் எறிந்தது. பின் அவர் சிறையிலடைக்கப்பட்டார். ஓராண்டு கழித்து ஸ்ருட்காட் விசேட நீதிமன்றம் அவருக்குப் பதினாறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அவருடைய பேராயர் வூர்ம். அவரது தலைமைக் காரியாலயம் டிசெம்பர் 6ஆந் திகதி குருமாருக்கு அனுப்பிய சுற்றறிக்கை, அரசியல் நிகழ்ச்சிகளைப் பற்றித் தகாத விமரிசனமாய்த் தோன்றக்கூடிய எதனையும் பிரசங்கத்தில் தவிர்க்குமாறு அறிவுறுத்திற்று. அன்றே அவர் நீதி அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் வன்செயல்களைக் குறித்துக் கவலை தெரிவித்தபோதிலும், யூதத்தை எதிர்க்கும் உரிமை அரசுக்கு உண்டென்பதை மறுக்கவில்லை. வூர்மைக் கோழையென ஒதுக்குதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் அரசு கொன்றபோது, 1940இல் எதிர்த்தெழுதியவரும் அவரே. எனினும் 1938இல் அவர் காக்க முயன்றது தம் திருச்சபையின் கட்டுக்கோப்பையே என்பது என் துணிபு.

போர் தொடங்கிய 1939இல், உழைப்பு நாளொன்று வீணாகாதிருக்கும்பொருட்டு அரசு மனந்திரும்புதல் நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டது.

ஏழாண்டுகளின் பின் நிகழ்ந்ததை இதனோடு வைத்து நோக்குதல் வேண்டும். 1945 ஒக்டோபர் 17ஆந் திகதி, இடிபாடுகளிடையே நின்ற ஸ்ருட்காட் நகரின் மாற்கு கோயிலில், விடுதலை பெற்றுவந்த நீமொல்லர் எரேமியாவின் பதினான்காம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தார். மறுநாட்களில் ஜேர்மனியத் திருச்சபை மன்றம், வெளிநாட்டுத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் முன்னிலையில், பதினொருவர் கையொப்பமிட்ட குற்ற அறிக்கையை வெளியிட்டது. முதற் கையொப்பம் வூர்முடையது, மைசரும் கையொப்பமிட்டார். 1938இல் நாட்டின் பாவ அறிக்கையை நிராகரித்த அதே கைகள்! எம்மால் பல மக்களினங்களுக்கு அளவிறந்த துன்பம் விளைந்தது என்னும் வன்மையான வாக்கியம் நீமொல்லரின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்டது.

அறிக்கையின் சொல்லமைப்பை ஒப்பீட்டு நோக்கில் ஆராய்ந்தால் ஒரு நுட்பம் புலப்படும். இன்னும் அதிக தைரியமாய்ச் சாட்சி பகரவில்லை, இன்னும் அதிக உண்மையாய்ச் செபிக்கவில்லை என்றவாறே அதன் தன்குற்றச்சாட்டு செல்கின்றது. அந்த ‘இன்னும் அதிகம்’ என்பதிலே ஓரளவு தைரியம் இருந்ததென்ற கோரிக்கை ஒளிந்திருக்கின்றது. நிகழ்ந்த கொலைகளுள் முதன்மையானதற்கு இலக்கான யூதரின் பெயரும் அதில் இல்லை. அவ்வளவு மென்மையான அறிக்கையையும் ஜேர்மனிய மக்களுட் பலர் பொறுத்திலர். பட்டினியும் அகதி வாழ்வும் சூழ்ந்திருந்த காலத்தில் தம்மைக் குற்றவாளிகளாக்கியதாக அவர்கள் சினந்தனர். முதலாம் உலகப்போரின் பின் சுமத்தப்பட்ட போர்ப்பொறுப்பு அவர்களுக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. யூதருக்கு இழைத்த கொடுமையிலே தம் மௌனத்துக்கும் பங்குண்டென அத்திருச்சபையின் பேரவை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1950 ஏப்ரலில், பேர்லினின் வைசன்சே பகுதியில்.

அந்நாளின் பிற்கால வரலாறும் விநோதமானது. கிழக்கு ஜேர்மன் அரசு 1967இல் அதன் விடுமுறையை நீக்கியது. ஆயின், 1980 முதல் அங்குள்ள சபைகள் அந்நாளோடு முடியும் பத்துநாட் சமாதான மன்றாட்டைத் தொடங்கின. லைப்சிக் நகரின் புனித நிக்கலஸ் கோயிலில் 1982இல் ஆரம்பித்து 1989இற் பெருந்திரளைத் திரட்டிய திங்கட்கிழமைச் செபக்கூட்டங்கள் அதனோடு தொடர்புடையன. ஒன்றிணைந்த ஜேர்மனியிலோ, முதியோர் பராமரிப்புக் காப்புறுதிக்குப் பணம் தேடும்பொருட்டு 1995 முதல் சாக்சனி தவிர்ந்த எல்லா மாநிலங்களிலும் அவ்விடுமுறை கைவிடப்பட்டது.

இறுதியாக ஒருவரைப் பற்றிக் கூறவேண்டும். கொல்விற்சரின் பிரசங்கத்துக்கு நன்றி கூறி நவம்பர் 24ஆந் திகதி அவருக்கு எழுதியவர் எலிசபெத் சிமிட்ஸ் என்னும் பேர்லின் பாடசாலை ஆசிரியை. முன்பு கடைகளுக்கு அடையாளமிட்டனர், பின்பு அவற்றை அழித்தனர். இனி மனிதருக்கு அடையாளமிடப்போவதாகப் பேசுகின்றனர், அதன் முடிவு யாதென எண்ணிப்பாருங்கள் எனும் பொருள்பட அக்கடிதத்தில் அவர் எழுதினார். யூதரின் நிலைபற்றி 1935–36இல் நீண்டதொரு முறையீட்டை எழுதி, ஏறத்தாழ 200 பிரதிகள் செய்து அறிக்கையிடும் திருச்சபையாரிடையே பரப்பியவரும் அவரே. அம்முறையீட்டில் பெயர் இருக்கவில்லை. நெடுங்காலம் அது வேறொருவர் எழுதியதென்றே கருதப்பட்டது. 1938இன் முடிவில், தம் மனச்சான்றுக்கு ஒத்தவாறு கற்பிக்க இயலாதென அவர் ஆசிரியப் பணியைத் துறந்தார். அவர் 1977இல் ஒபன்பாக் நகரில் மறைந்தார். நல்லடக்கத்துக்கு வந்தோர் எழுவர். முறையீட்டை எழுதியவர் அவரே என்பது 1999இல்தான் உறுதியாயிற்று.